கொடியேற்றத்தன்று நான் எழுதிய கடிதம்

கோழியை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. ஆனால் கடிதத்தில் கோழி இருந்தது. எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இந்தச் சுவிஸ் ஊரில், லாங்கன்தாலில், இருக்கிறார்கள்.

எங்கள் அம்மன் கோயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தின் மேல் மாடியில் இருக்கிறது. கோபுரம் கிடையாது. சாமான் ஏற்றுகிற லிஃப்டில்தான் அம்மன் சிலையே மேலே போனது. கீழ்த்தளம் கனகாலம் பூட்டிக் கிடந்தது. நான் கோயில் பரிபாலன சபையின் செயலாளர். பக்தியில் கொடுத்த பதவி இல்லை. எனக்கு ஜெர்மன் எழுத வரும், அவ்வளவுதான்.

சபையில் என்னைத் தவிர எல்லோரும் யாழ்ப்பாணம். நான் மட்டக்களப்பு, வாவிக்கு மேற்கே படுவான்கரை. மட்டக்களப்பார் மந்திரம் செய்து ஆளைப் பாயோடு ஒட்டிப்போடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உண்டு. பகிடிக்குத்தான் சொல்லுவார்கள். ஆனால் என் கலியாணப் பேச்சுக்கு என் அறைக்கு வந்த மாமியார், நான் விரித்த பாயில் இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலம் சுவரோடு நின்றார். "கால் நோகேல்லை தம்பி, நான் நிண்டு பழகினனான்" என்றார். கடைசியில் பக்கத்து அறைக்காரனிடம் கதிரை வாங்கி வந்தேன். உடனே இருந்துவிட்டார்.

பிறகு கீழ்த்தளத்துக்கு வந்த அம்மாவுக்கு அந்த இடத்தைக் காட்டிவிட்டதும் நான்தான். நான் வேலை செய்கிற தொழிற்சாலையின் கன்ரீனில் அவர் பாத்திரம் கழுவுகிறார். பிரேசில்காரர், கறுப்பினத்தவர், அறுபது வயது இருக்கும். சுவிஸ்காரப் புருசனைக் கட்டி வந்து, அவரும் செத்துப் பல வருடம். எங்கள் இரண்டு பேருடைய ஜெர்மனும் வேலைத்தள ஜெர்மன்தான். ஆகவே அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ஒருநாள் தட்டு வைக்கப் போனபோது கேட்டார்.

"உங்கடை கோயில் கட்டிடத்திலை இடம் இருக்கோ? நாங்கள் ஒரு இருவது பேர். கும்பிட இடம் வேணும்."

சரி, கத்தோலிக்கராக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கட்டிடத்தைப் பராமரிக்கிற நிர்வாகக் கந்தோரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அரை வருடத்துக்குப் பரீட்சார்த்தமாக வாடகைக்குக் கொடுத்தார்கள். ஒழுங்காக இருந்தால் பிறகு நீட்டிப்பதாகப் பேச்சு.

கத்தோலிக்கர் இல்லை என்பது இரண்டாம் கிழமையே தெரிந்தது. அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் அவர்கள் மொழியில் கூப்பிட்டார்கள். வெள்ளை உடுத்து வந்தார்கள். கழுத்தில் நிறநிறமாக மணிமாலை. வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் பிரேசிலுக்குக் கொண்டுபோன தெய்வங்கள் என்று அந்த அம்மா சொன்னார். ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனி நிறம், தனிச் சாப்பாடு, தனி மேள அடி. ஒருநாள் எனக்குக் கடதாசியில் சுற்றி ஒன்று தந்தார். கௌப்பிப் பயற்றை அரைத்து வெங்காயம் போட்டுச் சிவப்பு எண்ணெயில் பொரித்தது. தெய்வத்துக்குப் படைத்ததாம். வடை. வேறு என்ன சொல்வது? கார் நிறுத்துமிடத்தில் நின்று தின்றேன். வீட்டில் சொல்லவில்லை.

பிறகு எங்கள் கொடியேற்றம் வந்தது.

பகல் பதினொன்றரைக்குச் சுபவேளை. ஐயர் சூரிச்சிலிருந்து காரில் வந்தார். அரை மணி நேரம் இருந்தது. மேலே சனம் நிறைந்துவிட்டது, தவில்காரர் தயார். ஐயர் மட்டும் படியேறவில்லை. வாசலில் நின்று கையைக் காட்டினார். கீழ்த்தளத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே மேளச் சத்தம். வெள்ளை உடுத்த பெண்கள் ஒருத்தியைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். அவளுக்குத் தலை மொட்டை. கண் மூடியிருந்தது. சுற்றி நின்ற சிலர் அழுதார்கள்.

"தம்பி, கீழை செத்த வீடு நடக்குது. நான் எப்பிடி மேலை ஏறுறது?" என்றார் ஐயர்.

"ஆர் செத்தது ஐயா?"

"ஆரெண்டு எனக்கென்ன தெரியும்? வெள்ளை உடுப்பு, மொட்டைத் தலை, பறை, அழுகை. இன்னும் என்ன வேணும் உனக்கு, பெட்டியோ?"

எங்கள் ஊரில் கோயில் வீதியில் ஒரு பிணம் கிடந்தால் அது போகும்வரை கோயில் திறக்காது. துடக்கு, தீட்டு. ஐயர் காருக்குள் போய் இருந்துவிட்டார். தலைவர் அண்ணை மேலேயிருந்து ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் சபை முழுவதும் படியில் வந்து நின்றது.

"காப்பிலியளுக்கு இடம் குடுத்த அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றார் தலைவர். காப்பிலி என்பது கறுப்பரை இழித்துச் சொல்கிற சொல். பிறகு என்னைப் பார்த்தார். "நீதானே கூட்டிக்கொண்டு வந்தனி. உங்கடை ஆக்களுக்கு உந்த வேலையள் பிடிக்கும்தானே. உள்ளுக்கை பாயும் விரிச்சுக் கிடக்கு, பார்."

பொருளாளர் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஒருத்தரும் போய் இருந்திடாதேங்கோ. ஒட்டிப்போடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சிரிப்பைச் சிரிக்கிறேன். எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். அது செத்த வீடு இல்லை என்று எனக்குத் தெரியும். என் அக்கா ஊரில் தெய்வம் ஆடுகிறவள். அம்மன் சடங்கு வந்தால் வேப்பிலையோடு நடுங்கிக்கொண்டு நிற்பாள், நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்பேன். உடுக்குச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். சாவுப்பறை ஒரே கதியில் நிற்கும். தெய்வத்தைக் கூப்பிடுகிற அடி ஏறிக்கொண்டே போகும். கீழே அடி ஏறிக்கொண்டிருந்தது. என் கால் தானாகத் தாளம் போட்டது. அந்தக் கதவடிக்குப் போய் "அம்மா, என்ன நடக்குது?" என்று கேட்டிருந்தால் விசயம் முடிந்திருக்கும். ஐயரும் சுபவேளைக்கு மேலே போயிருப்பார். நான் போகவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் அந்தக் கதவுக்குள் போக எனக்கு வெட்கமாக இருந்தது.

சுபவேளை தவறிவிட்டது. மஞ்சள் தண்ணீர் தெளித்து, படி முழுக்கக் கழுவி, பிற்பகலில்தான் கொடி ஏறியது. அன்றைக்கே தலைவர் என்னைச் சமையலறை மேசையில் இருத்திக் கடிதம் எழுதச் சொன்னார். கட்டிடத்தில் இறுதிச் சடங்கு செய்கிறார்கள், மேளச் சத்தத்தில் வழிபட முடியவில்லை, பில்லி சூனியம் செய்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று எழுதினேன்.

"கோழி வெட்டுறாங்கள் எண்டும் போடு" என்றார்.

"ஆரண்ணை கண்டது?"

"ஆரும் காணத் தேவையில்லை. வெள்ளைக்காரனுக்குக் கோழி எண்டால் போதும். மனிசன் செத்தாலும் எழும்பமாட்டான், கோழிக்கு எழும்புவான்."

எழுதினேன். படியில் இரத்தம் கண்டதாகவும் எழுதினேன். அந்த இரத்தத்தை அவர்கூடச் சொல்லவில்லை. வசனம் நல்லாக வந்துகொண்டிருந்தது, நானே சேர்த்தேன். பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அதே கந்தோருக்கு நான் முன்பும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கோயில் திறந்த புதிதில் முன்வீட்டுச் சுவிஸ்காரர் ஒருவர் எங்களைப் பற்றி முறைப்பாடு செய்தார். புகை, மணி, விளங்காத சத்தம், அந்நிய ஆட்கள். அன்றைக்குத் தலைவர் கோபத்தில் நடுங்கினார். "கும்பிடவும் விடமாட்டாங்களோ இவங்கள்?" என்று கேட்டார். நான் நாலு பக்கத்தில் பதில் எழுதினேன். நல்ல கடிதம். வழிபாட்டுச் சுதந்திரம் எல்லாம் அதில் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, கன்ரீனில் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம் அந்த அம்மா தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். கையைத் துடைத்து, ஏப்ரனுக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்தார்.

"இதை வாசி. உன்ரை ஜெர்மன் நல்லம். என்ன கேக்கிறாங்கள்?"

கந்தோர்க் கடிதம். பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் தராவிட்டால் அறை நீட்டிக்கப்படாது, மாத முடிவில் வெளியேற வேண்டும். கூடவே முறைப்பாட்டின் பிரதி. என் வசனங்கள். கோயில் பெயரும் தலைவரின் கையெழுத்தும் அடியில் இருந்தன. என் கையெழுத்து இல்லை.

"மேல்மாடி ஆக்கள் முறைப்பாடு செய்திருக்கினம்" என்றேன்.

"நீங்களோ?"

"கோயில் சபை."

"என்னெண்டு?"

செத்த வீட்டுப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"பிணமோ? ஆரின்ரை பிணம்? அண்டைக்கு அவள் பிறந்தவள்!"

மொட்டை அடித்து, கிழமைக்கணக்காக உள்ளே பாயில் இருத்தி, தெய்வத்துக்குரியவளாக ஆக்கி, அன்றைக்குத்தான் முதல் தரம் வெளியே கொண்டுவந்தார்களாம். அவர்களுக்கு அது ஒரு பிறப்பு. அதனால்தான் அழுதார்கள். வெள்ளை அவர்களுக்குத் துக்கம் இல்லை, பிறந்த பிள்ளைக்குப் போடுகிற புது உடுப்பு மாதிரி.

கோழியையும் இரத்தத்தையும் நான் வாசிக்கவில்லை. தாளை மடித்தேன்.

"நீ பதில் எழுதித் தா" என்றார். "அந்த அறையை விட ஏலாது. ஒரு மூலையிலை தெய்வங்களை வைச்சாச்சு. பெட்டியிலை கட்டித் தூக்கிக்கொண்டு திரியிற சாமான் இல்லை அது."

எனக்கு விளங்கியது. எங்கள் சிலைக்குக் கீழே யந்திரத் தகடு வைத்துத்தான் அட்டபந்தன மருந்து சாத்தியிருக்கிறோம். அதைக் கிளப்பச் சொன்னால் நாங்கள் ஊரைக் கூட்டுவோம்.

சரி என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கோழிக்குப் பதில் சொல்லாமல் கடிதம் எழுதினால், கோழி உண்மையாகிவிடும். கோழிக்குப் பதில் எழுதினால், அதை ஏன் அவரிடம் வாசித்துக் காட்டவில்லை என்று வரும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் காரை எடுத்துத் துன் நகர் வரை ஓடினேன். ஏரிக்கரையில் இறங்காமலே திரும்பினேன். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடினேன். மறுநாளும் அதே. கந்தோருக்கு முன்னால் இரண்டு தரம் நடந்தேன். தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணை, அது செத்த வீடில்லையாம். பிறப்பாம். கடிதத்தைத் திருப்பி எடுப்பம்" என்றேன்.

"பிறப்பெண்டாலும் துடக்குத்தானே தம்பி" என்றார்.

அந்த மனிசனோடு என்ன கதைக்கிறது?

மனைவிதான் கடைசியில் கத்தினாள். "ஒரு இடத்திலை இருங்கோவன், எனக்குத் தலை சுத்துது."

எல்லாவற்றையும் சொன்னேன். இரத்தத்தையும் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்தாள்.

"உங்களுக்குச் செயலாளர் பதவி வேணும். அந்த மனிசிக்கு அறை வேணும். இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

"உன்ரை அம்மா அண்டைக்கு ஏன் பாயிலை இருக்கேல்லை?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

"பயம்தான். வேறை என்ன? வேணுமெண்டால் இப்ப போய்க் கேளுங்கோ, இப்பவும் இருக்கமாட்டா." பிறகு, "நானும் முதல் வருசம் உங்கடை அக்கா அனுப்பின திருநீறைக் குப்பைக்குள்ளை போட்டனான்" என்றாள்.

இது எனக்குத் தெரியாது. கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஏழாம் நாள் கன்ரீனின் பின்பக்கம், வெற்றுப் போத்தல் பெட்டிகள் அடுக்கிய இடத்தில், அந்த அம்மா ஓய்வில் இருந்தார். கடிதத்தை முழுக்க வாசித்தேன். கோழி, இரத்தம், எல்லாம். கடைசியில், "எழுதினது நான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கையுறையைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"என்ரை தமக்கை ஊரிலை இப்பிடி ஒரு வீடு வைச்சிருந்தவ" என்றார். "சேர்ச் கூட்டம் ஒண்டு வந்து வாசலிலை நிண்டு பேய், பேய் எண்டு கத்தும். வெள்ளை உடுத்துக்கொண்டு பஸ்ஸிலை ஏறினால் பக்கத்திலை இருக்கிறவன் எழும்பிப் போவான். பிறகு ஒருநாள் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தாங்கள். தெய்வப் பானையள் எல்லாத்தையும் காட்டி, உன்ரை கையாலை உடை எண்டாங்கள். ஒவ்வொண்டா உடைச்சவ. அதுக்குப் பிறகு அவ கதைக்கிறது குறைவு."

நான் கடிதத்தை மடித்தேன்.

"அவங்கள் என்னைவிட வெள்ளை. அவங்கள் காப்பிலி எண்டு சொன்னால் எனக்கு விளங்கும். நீ?" என் கையைப் பிடித்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கறுப்பு. என்னுடையது கொஞ்சம் குறைவு. "நீ சொல்லேக்கை என்னத்தைப் பாத்துச் சொன்னனி?"

அவர் சொன்னது காப்பிலி என்ற சொல் இல்லை, ஜெர்மனில் அதற்குச் சமமான ஒன்று. நான் அதைக் கடிதத்தில் எழுதவில்லை. ஆனால் படியில் அதைச் சொன்னவர்களோடு நின்று சிரித்தேன். தமிழ் விளங்காவிட்டாலும் அந்தச் சிரிப்பு கதவுக்குள் கேட்டிருக்கும், அதைத்தான் கேட்டார்.

"இப்ப எழுது" என்றார். "மற்றதை எழுதின மாதிரி நல்லா எழுது."

எழுதினேன். முதல் கடிதத்தை எழுதியது நான், கோழியை யாரும் காணவில்லை, இரத்தம் என் பொய், அன்று நடந்தது ஒருத்தியைத் தங்கள் சமயத்தில் சேர்த்துக்கொண்ட சடங்கு, அவர்களுடைய மேளம் எங்கள் தவிலைவிடச் சத்தம் குறைவு. அடியில் என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். செயலாளர் என்று போடவில்லை.

கந்தோரிலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். இரண்டு தளத்தையும் பார்த்தாள். மேலே எல்லோரும் நின்றோம். கோழியைக் கண்டது யார் என்று தலைவரிடம் கேட்டாள். தலைவர் என்னைக் காட்டினார்.

"நான் காணவில்லை. கோழியே இல்லை" என்றேன்.

அவள் குறித்துக்கொண்டு போனாள். அவள் கார் திரும்புவதற்குள் தலைவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "நீ எங்கடை ஆளில்லை எண்டு எனக்கு முதலே தெரியும்." அன்றோடு சபையில் நான் இல்லை. கோயில் திறப்புக் கொத்தை வாங்கிக்கொண்டார்கள். திருவிழாவில் பந்தம் பிடிக்கிற முறையும் போய்விட்டது. அதுதான் எனக்கு நொந்தது, பதவி இல்லை.

கந்தோரின் முடிவு வந்தது. கீழ்த்தளம் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு மேளம் கூடாது, இரண்டு தளத்துக்கும். எங்கள் கோயிலுக்கும் சேர்த்து. முறைப்பாடு என்று போனால் அப்படித்தான், அவர்கள் எல்லோரையும் அளப்பார்கள். இப்போது தவில்காரர்கூட என்னோடு முகம் கொடுப்பதில்லை.

அந்த அம்மாவுக்கு முடிவை வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். நன்றி சொல்லவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கீழை வா. முதல் கடிதத்தையும் கொண்டு வா."

போனேன். மேலே பூசை மணி கேட்டது. உள்ளே ஒரு பதினைந்து பேர் இருந்தார்கள், வெள்ளை உடுப்பில். மூலையில் திரை மறைத்திருந்தது. நடுவில் பாயில் அந்த மொட்டைத் தலைப் பெண் இருந்தாள். தலையில் மயிர் கொஞ்சம் முளைத்திருந்தது. முப்பது வயது இருக்கும், கழுத்தில் மணிமாலை. அவளுக்கு எதிரே இன்னொரு பாய் கிடந்தது.

"இரு" என்றார் அந்த அம்மா.

இருந்தேன்.

"வாசி. எல்லாத்தையும்."

ஒவ்வொரு வசனமாக ஜெர்மனில் வாசித்தேன். அவர் தங்கள் மொழியில் சொன்னார். இறுதிச் சடங்கு. பில்லி சூனியம். பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கிழவர் ஒருவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் இரத்தம் என்ற இடத்தில் நிறுத்தினேன். "வாசி" என்றார். மறுபடி வாசித்தேன்.

கட்டிடத்துக்குள் பிணம் கொண்டுவரப்பட்டது என்ற வசனம் வந்தபோது அந்தப் பெண் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ கேட்டாள். அந்த அம்மா ஓம் என்று தலையாட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அவள் ஏதோ சொல்ல, மேளக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"செத்தவளுக்குப் பசிக்குதாம். இன்னும் எத்தினை பக்கம் இருக்கெண்டு கேக்கிறாள்."

நானும் சிரிக்கப் போனேன். பழக்கம். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"சிரிச்சது அவள். நானில்லை."

மிச்சத்தை வாசித்து முடித்தேன். அவர் தாளை வாங்கி நாலாக மடித்துத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமை இல்லை. சாப்பாடு போட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. யாரும் என்னோடு கதைக்கவில்லை. தின்றேன், தட்டைக் கழுவி வைத்தேன், செருப்பைப் போட்டேன்.

செத்த வீட்டிலிருந்து போகும்போது நாங்கள் வாறன் என்று சொல்லுவதில்லை. பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும். கதவடியில் திரும்பி, "வாறன் அம்மா" என்றேன். தமிழில்தான் வந்தது.

அவருக்கு விளங்கவில்லை. "கதவைச் சாத்திக்கொண்டு போ, குளிருது" என்றார்.